பத்திரிகை எஞ்சின் பில்டும் டைனோ எண்ணும் நமக்கு உதவுமா?

கேள்வி (தண்டையார்பேட்டை):
அண்ணன்மாரே, அமெரிக்க கார் பத்திரிகைகளில் வரும் எஞ்சின் பில்டுகளை (பாகம் மாற்றி எஞ்சினைக் கட்டும் கட்டுரைகளை) படித்துவிட்டு என் பழைய மாருதி எஸ்டீம் காரில் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றலாமா என்று யோசிக்கிறேன், டைனோவில் (சக்தியை அளக்கும் கருவியில்) அவர்கள் காட்டும் குதிரைத்திறன் ரோட்டில் கிடைக்குமா?

பதில் (பெரம்பூர்):
தம்பி, எந்த டைனோ என்று முதலில் பார். எஞ்சின் டைனோ கிராங்கில், அதாவது எஞ்சினின் சுழலும் தண்டிலேயே, அளக்கிறது, பல பில்டுகளில் ஏர் ஃபில்டரும் ஆல்டர்னேட்டரும் சைலன்சரும் இருக்காது, அதனால் எண் கூடும். சக்கரத்தில் அளந்தால் கியர்பாக்ஸ் இழப்பும் சேர்ந்து எண் இறங்கும். அப்புறம் கரெக்‌ஷன்: அளந்த எண்ணை ஒரு பொதுவான காற்று நிலைக்கு மாற்றிச் சொல்வார்கள். எஸ்ஏஇ ஜே1349 என்ற தர முறை 25 டிகிரி செல்சியஸுக்குக் கணக்கிடுகிறது, பழைய எஸ்டிபி முறை சுமார் 15.5 டிகிரிக்கு, அதனால் ஒரே எஞ்சினுக்கு எஸ்டிபி ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். மே மாதம் மணலியில் எஞ்சின் இழுக்கும் காற்று இரண்டையும் விடச் சூடு, அதனால் சக்தி இன்னும் குறையும்.

பதில் (ராயபுரம்):
உச்ச எண்ணை விடுங்கள், எந்த வேகத்தில் எஞ்சின் எவ்வளவு சக்தி தருகிறது என்ற கிராஃபைப் பாருங்கள். ஒரே டைனோவில், ஒரே நாளில், ஒரு பாகத்தை மட்டும் மாற்றி முன்னும் பின்னும் எடுத்திருந்தால் பத்திரிகையின் அந்தப் பக்கம் தங்கம். பெரிய கேம் 6000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6000 சுற்றில்) கொடுப்பதை 2500-இல் பிடுங்கிக்கொள்ளும், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நாம் இருப்பது 2500-இல்தான். சோழவரம் ரன்வேயில் ரேஸ் நடந்த காலம் என்றால் வேறு பேச்சு.

பதில் (வியாசர்பாடி):
பாகம் விற்பவர் விளம்பரமும் அதே இதழில்தான் வருகிறது, அதனால் எண்ணை நான் நம்புவதில்லை. ஆனால் ரிங் கேப் (பிஸ்டன் ரிங் முனைகளின் இடைவெளி), பேரிங் கிளியரன்ஸ் (பேரிங்குக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளி) எல்லாம் எப்படி அளக்கிறார்கள் என்பதை அவசியம் படி, நம்மூர் பட்டறைகளில் பலர் அதை அளப்பதே இல்லை.

கேட்டவர்:
சரி அண்ணே, முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டர் அழுத்தம் சரியா என்ற சோதனை) எடுக்கிறேன், கேம் அப்புறம்.