பழனி நடைப்பயணம்: முதல் நாளிலேயே பாதத்தில் கொப்புளம், வழி சொல்லுங்க

காரைக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறோம். அதிகாலை 3 மணிக்குக் கிளம்பி குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியாகத் திருப்பத்தூர் வந்தாச்சு. நாளைக்கு சிங்கம்புணரி.

அண்ணிக்கு (வயது 46, சர்க்கரை இல்லை) இடது முன்பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே, பத்து ரூபாய் நாணய அளவுக்குக் கொப்புளம். உள்ளே தெளிந்த நீர்தான். சீழ், சிவப்பு, காய்ச்சல் எதுவும் இல்லை. தோல் கிழியவில்லை. ஆனால் தடித்த தோலுக்கு அடியில் இருப்பதால் கால் ஊன்றினாலே சுளீர் என்கிறது. வெறுங்காலோடு வருவதாக வேண்டுதல், அதனால் செருப்புப் பேச்சே இல்லை. விடியற்காலைப் பனி ஈரத்தில் பாதம் ஊறிப்போய், 9 மணிக்கு மேல் தார் சூட்டில் தேய்ந்ததுதான் காரணம். முதல் நாள் வேகமும் கூடிப்போச்சு.

செய்து பார்த்தவை: வெந்நீரில் உப்புப் போட்டு கால் வைத்தோம், வலி கொஞ்சம் அடங்கியது. தேங்காய் எண்ணெய் தடவியதில் தோல் இன்னும் இளகிவிட்டது, அது தப்பு. சாதா பிளாஸ்டர் அரை கிலோமீட்டர்கூட நிற்கவில்லை, மண் ஒட்டிச் சுருண்டுவிடுகிறது. சாலையோர வெள்ளைக் கோட்டில் நடந்தால் சூடு குறைகிறது, ஆனால் அழுத்தம் அதேதான்.

கையில் இருப்பது: துணி டேப், பஞ்சு, போவிடோன் அயோடின், பிரிக்காத ஊசி, இரண்டு ஜோடி பருத்தி சாக்ஸ் (சாக்ஸ் போட அண்ணி சம்மதிச்சுட்டாங்க).

வெறுங்காலில் நடந்து பழகியவர்கள் சொல்லுங்க: இன்றிரவே ஓரத்தில் குத்தி நீரை வடித்து, தோலை உரிக்காமல் கட்டுவதா, இல்லை உடைக்காமல் சுற்றிலும் பஞ்சு வளையம் வைத்து டேப் ஒட்டுவதா?