மரநார் அடைத்த சாய்கூரை: உள்ளே பாலித்தீன் இருந்தும் முகட்டருகே ஈரம் ஏன்?

கேள்வி:
குளிர்ப் பகுதி வீடு. மேலிருந்து கீழாக: ஓடு, ரீப்பர், தார் ஷீட், 24 மி.மீ. பலகை, 200 மி.மீ. கைமரங்களுக்கு நடுவே முழு ஆழத்துக்கும் மரநார்ப் பஞ்சு, 0.2 மி.மீ. பாலித்தீன், ஜிப்சம் பலகை. வடக்குச் சரிவில் முகட்டை ஒட்டிய பலகையில் கருப்புப் புள்ளிகள். ஈரமானி அங்கே 26 சதவீதம் காட்டுகிறது. இறவாரப் பக்கம் 15தான். மழையே இல்லாத உறைபனி வாரங்களில்தான் ஈரம் ஏறுகிறது. பாலித்தீனை இரண்டு அடுக்காக்கலாமா?

பதில் 1:
வேண்டாம். மழையில்லாமல், அதுவும் முகட்டில் ஈரம் என்றால் ஓட்டு ஒழுக்கைவிடக் காற்றுக் கசிவையே முதலில் சந்தேகிக்க வேண்டும். சூடான காற்று மேலேறி, உச்சியில் இருக்கும் ஓட்டை வழியாக வெளியே தள்ளப்படும். 20 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் உள்ள அறைக்காற்று சுமார் 9 டிகிரியிலேயே பனிக்கும். உறைபனியில் அந்தப் பலகை அதைவிட மிகக் குளிர்ந்திருக்கும். பாலித்தீன் ஷீட்டை ஊடுருவிப் போகும் ஆவி சொற்பம். ஒரு சிறு பிளவு வழியாக ஓடும் காற்று அதைவிடப் பல மடங்கு ஈரத்தைக் கொண்டுபோகும்.

ப்ளோயர் டோர் (வாசலில் பொருத்தும் சோதனை விசிறி) வைத்து வீட்டுக்குள் அழுத்தத்தை 50 பாஸ்கல் குறைத்து, புறங்கையாலும் புகைப் பேனாவாலும் தேடுங்கள். டவுன்லைட், ஒயர் பைப், விட்டம் சுவரில் நுழையும் இடம், ஷீட்டின் ஓரங்கள்.

கேட்டவர்:
பார்த்தாயிற்று. ஆறு டவுன்லைட்டிலும் காற்று வருகிறது. முகட்டு விட்டத்தில் ஷீட் வெறும் ஸ்டேப்ளர் பின்னில் நிற்கிறது. சுவரோரம் பார்சல் டேப் உரிந்து தொங்குகிறது. இவற்றை அடைத்தால் போதுமா?

பதில் 2:
அது பாதி வேலைதான். வெளியே தார் ஷீட், உள்ளே பாலித்தீன்: இரண்டு பக்கமும் அடைபட்ட பெட்டி. நுழைந்த ஈரம் வெளியேற வழியில்லை. மரநார் ஈரத்தை உறிஞ்சித் தாங்குவது உண்மை; அது அவகாசம் தருமே தவிர, உலர்த்தாது.

பாலித்தீனுக்குப் பதில் ஈரத்துக்கேற்ப மாறும் சவ்வு போடுங்கள். வறண்ட குளிர்காலத்தில் அதன் எஸ்டி மதிப்பு (ஆவியை எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சமமான காற்றடுக்கின் தடிமனாகச் சொல்லும் அளவு) 10 மீட்டருக்கு மேல் போகும். கோடையில் கூரைக்குள் ஈரம் கூடும்போது 0.25 மீட்டர் அளவுக்கு இறங்கி, உள்பக்கமாக உலர விடும். விளிம்புகளை 100 மி.மீ. மேலடுக்கி, அதற்கென்றே உள்ள டேப்பை அழுத்தித் தேயுங்கள். சுவரில் தூசி தட்டி, பிரைமர் பூசி, பசையை 5 முதல் 8 மி.மீ. தடிமனில் இழுத்து, சவ்வைச் சற்றுத் தொய்வாக ஒட்டவும். விறைப்பாக ஒட்டினால் மரம் அசையும்போது பிய்ந்துவிடும். விட்டத்தில் வெடிப்பு இருந்தால் அதையும் நிரப்புங்கள், காற்று அதற்குள்ளேயே ஓடும். பியூ ஃபோம் (இடைவெளி அடைக்கும் பாலியூரித்தேன் நுரை) நாளடைவில் மரத்தோடு விலகும். அதை நம்ப வேண்டாம்.

சவ்வுக்குக் கீழே 40 மி.மீ. ரீப்பர் அடித்து, ஒயரை அந்த இடைவெளியில் ஓட்டுங்கள். அவ்வளவு ஆழத்தில் அடங்கும் விளக்காக மாற்றினால் சவ்வைக் குத்த வேண்டியதில்லை.

பதில் 3:
வடக்குச் சரிவு என்பதால் ஒரு திருத்தம். வெயில் குறைவான சரிவில், தார் ஷீட்டுக்கு அடியில், மாறும் சவ்வை மட்டும் நம்புவது ஆபத்து. உள்நோக்கி உலர மேற்பரப்பு சூடேற வேண்டும். ஓடுகளை இறக்க முடிந்தால் தார் ஷீட்டையும் பலகையையும் எடுத்துவிட்டு, 35 மி.மீ. நீர்விலக்கி மரநார்ப் பலகை போடுங்கள்; அதன் எஸ்டி 0.2 மீட்டர் அளவில்தான் இருக்கும். இறக்க முடியாதென்றால் பஞ்சை 150 மி.மீ. ஆக்கி, மேலே 50 மி.மீ. காற்றுவழி விட்டு, இறவாரத்திலும் முகட்டிலும் திறப்பு வையுங்கள். பஞ்சின் மேல் ஆவி கடத்தும் மென்பலகை அவசியம், இல்லையேல் காற்று சூட்டை அள்ளிப்போகும்.

இதெல்லாம் குளிர்ப் பகுதிக்கு மட்டும். வெக்கையும் புழுக்கமும் உள்ள ஊரில் ஏசி ஓடும் வீட்டுக்கு ஆவி வெளியிலிருந்து உள்ளே வரும். அங்கே உள்பக்கப் பாலித்தீனே கேடு.

கேட்டவர்:
ஓடுகளை இறக்குகிறோம். பழைய பஞ்சை மறுபடி போடலாமா?

பதில் 3:
நாற்றமோ கறையோ உள்ளதைத் தள்ளிவிடுங்கள், மற்றதை உலர்த்திப் போடலாம். பலகையில் பூஞ்சை இருந்த இடத்தில் கைமரத்தையும் ஊசியால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் அந்தத் துண்டை மாற்ற வேண்டும். கைமரம் 18 சதவீதத்துக்குக் கீழ் வரும்வரை மூடாதீர்கள். பஞ்சு போட்ட அன்றே சவ்வையும் ஒட்டிவிடுங்கள், பூச்சு வேலை அதற்குப் பிறகுதான். ஜிப்சம் அடிப்பதற்கு முன் 50 பாஸ்கல் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். அப்போதுதான் டேப் கையெட்டும் தூரத்தில் இருக்கும்.