முட்டுக்காப்பு: டிபி பாக்ஸ் மாற்றும் வரைக்குமான ஏற்பாட்டுக்கு ஒரு சொல்

அன்புள்ள சொல்லாக்கக் குழுவினருக்கு, வணக்கம்.

பழைய வீட்டு மெயின் போர்டை (வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பாக்ஸ்) மாற்றும் வரை செய்துவைக்கிற வேலைக்குத் 'தற்காலிகச் சீரமைப்பு' போதும் என்று நம் குழுவின் ஐயா எழுதியிருந்தார். எனக்கு அது போதவில்லை.

கும்பகோணத்தில் அம்மா இருக்கும் வீட்டில் இன்னும் மரப்பலகை போர்டுதான். வெள்ளைப் பீங்கான் ப்யூஸ் கேரியர் (ப்யூஸ் கம்பியைத் தாங்கும் பிடி) இரண்டு, மின்சாரம் வரும் பேஸுக்கு ஒன்று, திரும்பும் நியூட்ரலுக்கு ஒன்று. கீசரும் இண்டக்‌ஷன் அடுப்பும் தலா 2000 வாட். 230 வோல்ட்டில் இரண்டும் சேர்ந்தால் 17 ஆம்பியரைத் தாண்டும். 10 ஆம்பியர் ப்யூஸ் கம்பி அடிக்கடி உருகிப் போனது. வந்த எலக்ட்ரீஷியன், "டெம்பரரியா டைரக்ட் குடுத்திருக்கேம்மா, போர்டு மாத்துறப்ப பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் ப்யூஸ் போகவே இல்லை. அம்மாவுக்கு நிம்மதி.

பொங்கலுக்குப் போனபோது மெயினை அணைத்துவிட்டு கேரியரைப் பிடுங்கிப் பார்த்தேன். பீங்கான் பழுப்பேறிக் கிடந்தது. உள்ளே சாதாரண ஒயரிலிருந்து உரித்த செம்பு இழைகள், பத்துப் பன்னிரண்டை முறுக்கித் திருகியிருந்தார். 0.2 மில்லிமீட்டர் இழை ஒன்றே ஏறக்குறைய 7 ஆம்பியரில்தான் உருகும். இத்தனை இழை இருந்தால் ப்யூஸ் உருகுவதற்கு முன் சுவருக்குள் ஓடும் பழைய அலுமினிய ஒயர் வெந்துபோகும்.

இரண்டாவதாக வந்தவர் அந்த முறுக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அளவான கம்பி கட்டினார். நியூட்ரல் ப்யூஸை எடுத்துவிட்டுச் செம்புப் பட்டை வைத்தார். அந்த ப்யூஸ் மட்டும் போனால் விளக்கு அணையும், ஆனால் பேஸ் உயிரோடு நிற்கும், தொட்டால் ஆபத்து. மெயின் சுவிட்சுக்கு அடுத்து 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) ஒன்று மாட்டினார். அது கசிவைத்தான் பார்க்கும், பளுவைப் பார்க்காது; அதனால் ப்யூஸும் இருக்கட்டும் என்றார். கீசர் ஓடும்போது அடுப்பு கூடாது என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவரும் இதை 'டெம்பரரி' என்றுதான் சொன்னார்!

ஒன்று காப்பை அறுத்தது, மற்றொன்று காப்பைக் கூட்டியது. இரண்டையும் ஒரே சொல்லால் சொல்வதுதான் எனக்கு உறுத்துகிறது. தளம் தொய்ந்தால் கொத்தனார் சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுப்பார் இல்லையா? அது பளுவைத் தாங்கும். கூடத்தின் நடுவில் நின்று காலை இடிக்கும், ஆகவே யாரும் மறக்க மாட்டார்கள். முதலாவதைக் 'காப்பறுப்பு' என்றும் இரண்டாவதை 'முட்டுக்காப்பு' என்றும் சொல்லலாம் என்பது என் பரிந்துரை. இதை முன்பே சொன்னபோது ஐயா கேட்டது:

> முட்டுக்கட்டை என்றால் தடை என்றல்லவா பொருள்? மேலும் மின்காப்பு என்பதை நாம் ஏற்கெனவே ஒயரின் மேலுறைக்கு வைத்திருக்கிறோம். குழப்பம் வராதா? 'இடைக்காப்பு' எளிதாக இருக்கிறதே, தம்பி.

ஐயா, இரண்டாவது கேள்வி சரியானது. அதனால்தான் 'மின்' என்ற முன்னொட்டைச் சேர்க்கவில்லை. 'இடைக்காப்பு' எனக்கும் பிடித்தது. இடைத்தேர்தல், இடைக்காலத் தடை என்று வழக்கும் இருக்கிறது. ஆனால் ஒயருக்கும் ஒயருக்கும் இடையில் இருக்கும் உறை என்று படிப்பவர் எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. முட்டுக்கட்டை தடைதான், முட்டுக் கொடுப்பது தாங்குவது. கொத்தனாரோடு நின்று வீடு கட்டியவர் யாருக்கும் இதில் மயக்கம் வராது. இரண்டாவதாக வந்த எலக்ட்ரீஷியனிடமே சொல்லிப் பார்த்தேன். "முட்டுக் குடுத்த மாதிரிதான் சார், அதுவும் சரிதான்" என்றார். 'தற்காலிகச் சீரமைப்பு' என்றிருந்தால் அவர் வாயில் வந்திருக்காது.

சொற்பட்டியலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

முட்டுக்காப்பு: பழைய மின்பகிர்வுப் பெட்டியை மாற்றும் வரை, இருக்கும் காப்பு எதையும் குறைக்காமல், பளுவைக் குறைத்தோ காப்பைக் கூட்டியோ செய்யும் ஏற்பாடு.

காப்பறுப்பு: ப்யூஸ், எம்சிபி (பளு கூடினால் தானே அணையும் சுவிட்ச்), ஆர்சிசிபி போன்றவற்றைத் தாண்டியோ செயலிழக்கச் செய்தோ கொடுக்கும் இணைப்பு. பேச்சு வழக்கில் டைரக்ட்.

கூடுதல் மின்பளுவுக்கு மனு கொடுத்தாயிற்று. மரப்பலகையில் நான் ஒட்டியிருக்கும் தாளில் தேதியைப் போட்டு, "இது முட்டுக்காப்பு, ஆடிக்குள் பெட்டி மாற்ற வேண்டும்" என்று எழுதியிருக்கிறேன். அம்மா படித்துவிட்டு, "முட்டை எப்ப எடுப்பே?" என்று போனில் கேட்கிறார்.