கேரியர் என்று முடிவு வந்த லேப்ரடார் பெட்டையை இணைசேர்க்கலாமா?

கேள்வி (கருப்பிவீடு):
வணக்கம். எங்கள் மூன்று வயது கருப்பு லேப்ரடாரை முதன்முறையாக இணைசேர்ப்பதற்கு முன், கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியால் தேய்த்தெடுத்த மாதிரியை மரபணுச் சோதனைக்கு அனுப்பினோம். கடும் ஓட்டத்துக்குப் பின் பின்னங்கால்கள் துவளும் இ.ஐ.சி. குறைபாடு இல்லை என்றும், விழித்திரை படிப்படியாகச் சிதையும் பி.ஆர்.ஏ. நோய்க்கு அவள் 'கேரியர்' (பழுதான மரபணுவைச் சுமப்பவள்) என்றும் முடிவு வந்துள்ளது. கடுவனை வளர்ப்பவரோ, தம் நாய்க்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்று கூறிச் சோதனைக்கு மறுக்கிறார். இவளுக்குக் கருத்தடை செய்துவிடுவதுதான் முறையா?

பதில் (ஈற்றுக்கணக்கு):
அவசரப்பட வேண்டாம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணுவின் பழுதான பிரதி வந்து சேர்ந்தால்தான் குட்டிக்கு இந்த நோய் வரும். உங்கள் பெட்டையிடம் ஒரு பிரதியே இருப்பதால், இதனால் அவளுக்குப் பார்வை போகாது. 'கிளியர்' (பழுதான பிரதி இல்லாதது) என்று உறுதியான கடுவனோடு சேர்த்தால் எந்தக் குட்டிக்கும் இந்நோய் வராது. ஒவ்வொன்றும் கேரியராவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு, அவ்வளவே. கடுவனும் கேரியர் என்றால், ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. பெரும்பாலும் நடுவயதில்தான், அந்தி வெளிச்சத்தில் படியிறங்கத் தயங்குவதைக் கண்டு வீட்டார் ஐயுறத் தொடங்குவார்கள். அதற்குள் அந்தக் கடுவன் எத்தனை ஈற்றுக்குத் தந்தையாகியிருக்குமோ!

பதில் (புள்ளிநாய்):
கேரியர்களை எல்லாம் கழித்துக்கொண்டே போனால் இனத்தின் மரபணு வளம் சுருங்கிவிடும். டால்மேஷன் இன நாய்களில் யூரிக் அமிலத்தைச் சரியாகக் கையாளும் மரபணுவே அற்றுப்போனதால், அமெரிக்க மரபியலாளர் ராபர்ட் ஷைபிள் 1973-இல் பாயிண்டர் என்ற வேறோர் இன நாயோடு கலந்து அதை மீட்க வேண்டியதாயிற்று. அவ்வழி வந்த நாய்களை நாயினங்களைப் பதிவுசெய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப் ஏற்றது 2011-இல்தான்.

பதில் (எலும்புக்கூடு):
இடுப்பு மூட்டை மறந்துவிடாதீர்கள். இடுப்பு மூட்டுக் கோளாற்றில் பல மரபணுக்களோடு உடல் எடையும் பங்கு கொள்வதால், ஒற்றை மரபணுச் சோதனை உதவாது. இரண்டு வயது நிறைந்தபின் எடுக்கும் எக்ஸ்-ரேதான் வழி. குட்டிகளுக்கு மாதிரி எடுப்பதானால், சற்று முன்பிருந்தே தாயிடமிருந்து பிரித்து வையுங்கள். வாயில் ஒட்டியிருக்கும் பாலில் தாயின் செல்களும் கலந்திருக்கும்.

கருப்பிவீடு:
நன்றி. செலவை நானே ஏற்கிறேன் என்றதும் கடுவன்காரர் இசைந்துவிட்டார். முடிவு வருவதற்குள் இந்தப் பருவம் கடந்துவிடும். அடுத்த பருவம்வரை காத்திருக்கிறோம், அதற்குள் இருவருக்கும் எக்ஸ்-ரேயும் எடுத்துவிடலாம்.