கோஹார்ட்: மூன்று துறைக்கும் ஒரே சொல் கிடைக்குமா?

காட்பாடி, மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் வணக்கம்.

மருத்துவம், கல்வி, நிதி என மூன்று துறை ஆய்வுகளைத் தமிழில் சுருக்கித் தரும் வேலை கையில் இருக்கிறது. ‘கோஹார்ட்’ (cohort, ஒரே சமயத்தில் தொடங்கியவர்களைச் சேர்த்துத் தொடர்ந்து கவனிக்கும் கூட்டம்) மூன்றிலும் வருகிறது. எனக்கு வந்த பழைய வரைவில் ஓரிடத்தில் ‘திரள்’, ஓரிடத்தில் ‘அணி’, ஓரிடத்தில் வெறும் ‘குழு’ என்று இருக்கிறது. ‘அணி’ கணக்குப் பாடத்தில் மேட்ரிக்ஸுக்குப் போய்விட்டது. ‘திரள்’ கூட்டத்தைச் சொல்கிறதே தவிர, காலத்தைச் சொல்லவில்லை. சொல்லின் வேரைப் பிடித்துப் போனால் ரோமப் படைப்பிரிவில் போய் நிற்போம், அதுவும் வேண்டாம்.

நம் ஊர் ஆய்விலிருந்தே பொருளைப் பிடிக்கலாம். 2002-03இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் அந்த ஊரின் சின்னல்லாபுரம், கஸ்பா பக்கம் பிறந்த 452 குழந்தைகளைப் பிறந்த கையோடு பதிவு செய்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலமாதிரி எடுத்து, குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தார்கள். வயிற்றுப்போக்கு வந்தால் தனியாக இன்னொரு மாதிரி. மூன்று ஆண்டும் முழுக்க நின்றவர்கள் 373 பேர். மெக்சிகோவில் இதேபோல் நடந்த ஆய்வில், இரண்டு முறை தொற்று வந்த குழந்தைக்குக் கடும் நோய் வரவில்லை. இங்கே மூன்று முறை வந்த பிறகும், மிதமான அல்லது கடும் நோயிலிருந்து பாதுகாப்பு ஏறத்தாழ 79 விழுக்காடுதான். தொற்று தரும் பாதுகாப்பையே தர முயலும் ரோட்டா வாய்வழித் தடுப்பு மருந்து எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி வேலை செய்யுமா என்ற கேள்விக்கு இது முக்கியமான தரவு.

இதில் கவனிக்க வேண்டியது, எல்லாரும் ஒரே புள்ளியில் தொடங்குகிறார்கள் என்பது. ஒரு வயதில் அந்தத் தெருவுக்குக் குடிவந்த குழந்தைக்கு இதில் இடமில்லை. அதன் முதல் வருடத்தில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாதே. விலகிப் போகலாம், நடுவில் சேர முடியாது. இந்தக் குணம் சொல்லிலேயே தெரிய வேண்டும்.

என் முன்மொழிவு ‘ஈடு’. ஒரு ஈடு இட்லி என்கிறோமே, ஒரே நேரத்தில் வைத்து ஒரே நேரத்தில் எடுப்பது. ஓரீட்டுக் குழு, ஓரீட்டு ஆய்வு. சொல்லுங்கள்.

ஆரணி, ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்

அம்மா, இட்லிக்குச் சரி, வங்கிக்கு ஆகாது. ஈடு என்றால் எங்களுக்கு அடமானம். ஓரீட்டுக் கடன் என்று எழுதினால் ஒரே ஒரு பத்திரத்தை வைத்து வாங்கிய கடன் என்றுதான் படிப்பார்கள்.

ஆனால் இந்தச் சொல் நிதித்துறைக்குக் கட்டாயம் தேவை. ஒரு கிளை புதுக்கடனை அள்ளிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் வாராக்கடன் விழுக்காடு குறைவாகத்தான் தெரியும். 90 நாள் தவணை தவறினால்தான் வாராக்கடன். நேற்றுக் கொடுத்த கடன் அதற்குள் எப்படித் தவறும்? பின்னத்தில் கீழே இருக்கும் மொத்தக் கடன் ஊதிக்கொண்டே போவதால் மேலே இருக்கும் அழுகல் தெரியாது. ஏப்ரலில் கொடுத்ததைத் தனியாக, மே மாதத்ததைத் தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் எப்படி இருந்தது என்று பார்த்தால்தான் குட்டு உடையும். வாய்ப்பேச்சில் ‘ஏப்ரல் செட்டு’ என்போம்.

இன்னொன்று. ‘குழு’ என்றாலே கிளையில் மகளிர் குழுதான். கொஞ்சம் யோசியுங்கள்.

குடியாத்தம், கல்லூரி ஆசிரியர்

‘உடன்தொடக்கக் குழு’ எப்படி? கல்விக்கு நன்றாகப் பொருந்துகிறது. எங்கள் பொறியியல் வகுப்பில் டிப்ளமோ முடித்தவர்கள் நேராக இரண்டாம் ஆண்டில் வந்து உட்காருவார்கள். வகுப்பு ஒன்று, தேர்வு ஒன்று, ஆனால் முதலாண்டுக் கணக்கில் யார் அரியர் வைத்தார் என்று பார்க்கும்போது அவர்களைச் சேர்க்கக் கூடாது. ‘வகுப்பு’, ‘பேட்ச்’ இரண்டும் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடும். பள்ளியிலும் அப்படித்தான். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு தேர்வு எழுதியவரை வைத்துப் போடுவது. ஆறாம் வகுப்பில் சேர்ந்து எட்டோடு நின்று தோல் ஷாப்புக்குப் போன பையன் அதில் கிடையாது. அவன் தெரிய வேண்டுமென்றால் ஆறாம் வகுப்பிலிருந்து எண்ண வேண்டும்.

ஒரு வேண்டுகோள்: சுருக்குகிறேன் என்று பிறந்த குழந்தைகளை ‘உடன்பிறப்புக் குழு’ ஆக்கிவிடாதீர்கள். மேடை போட்டு மைக் கட்டிவிடுவார்கள். ‘பிறப்புவழிக் குழு’வும் வேண்டாம், சாதி என்று படித்துவிடுவார்கள்.

காட்பாடி, மொழிபெயர்ப்பாளர்

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் நன்றி. ஈட்டை இறக்கிவிட்டேன்.

‘உடன்தொடக்க’ என்பதைப் பொதுவாக வைத்துக்கொள்கிறேன். ஆய்வுமுறை உடன்தொடக்க ஆய்வு. ஆட்களானால் உடன்தொடக்கக் குழு. கடன் கணக்குகள் ஆட்கள் அல்லவே, அங்கே உடன்தொடக்கத் தொகுப்பு, மகளிர் குழுவோடு மோதாது. ஒருமுறை முழுப்பெயர் சொன்ன பிறகு பிறப்பாண்டுக் குழு, சேர்க்கையாண்டுக் குழு, கடன்மாதத் தொகுப்பு என்று சுருக்கலாம். எது தொடக்கம் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

ஒரு எல்லையும் போட வேண்டும். 1973-74இல் கேம்பிரிட்ஜும் சென்னைப் பல்கலைக்கழகமும் வடஆர்க்காட்டு நெல் கிராமங்களில் கணக்கெடுத்தன. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அதே ஊர்களுக்கு ஆய்வாளர்கள் திரும்பப் போனார்கள்.  அருமையான ஆய்வுகள், ஆனால் உடன்தொடக்க ஆய்வு ஆகாது. ஊர் அதேதான், ஆட்கள் வருவார்கள், போவார்கள். அதற்கு ‘மீள்கள ஆய்வு’ என்று எழுதுகிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள், திங்களன்று வரைவை அனுப்ப வேண்டும்.

ஆரணி, ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்

கடன்மாதத் தொகுப்பு சரி. அடைப்புக்குள் ‘செட்டு’ என்றும் போட்டுவிடுங்கள் அம்மா, கிளையில் இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியும்.