ஈ.கோலையிலிருந்து சூடோமோனாஸுக்குப் பிளாஸ்மிட் ஏறவில்லை, எங்கே தவறு?

செங்காங் மாணவி:
வணக்கம். பாலிடெக்னிக் புராஜெக்டுக்காக, பிகே18மாப் பிளாஸ்மிட்டை (கானமைசின் எதிர்ப்பு மரபணு உள்ள சிறு வளைய டிஎன்ஏ) ஈ.கோலை எஸ்17-1 என்ற பாக்டீரியா வழியாக சூடோமோனாஸ் புட்டிடா என்ற இன்னொரு பாக்டீரியாவுக்குள் ஏற்றப் பார்க்கிறோம். இரண்டையும் சம அளவு கலந்து 30 டிகிரியில் ஷேக்கரில் 2 மணி நேரம் வைத்தோம். பிறகு சிட்ரேட்டை உணவாகத் தரும் எம்9 தட்டு, அதில் கானமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம். மூன்று முறையும் ஒரு காலனிகூட இல்லை. கானமைசின் இல்லாத தட்டில் புட்டிடா நன்றாகவே வளர்கிறது.

அகார் தட்டு:
உள்ளே போனாலும் அந்தப் பிளாஸ்மிட் அங்கே தங்காது. போவதற்கு வேண்டியது ஓரி-டி என்ற இடம். ரிலாக்சேஸ் நொதி அங்கே ஓர் இழையை வெட்ட, அந்த ஒற்றை இழைதான் அடுத்த செல்லுக்குள் நுழைகிறது. பிகே18மாப்பில் அது உண்டு. கடத்தும் மற்ற மரபணுக்கள் எஸ்17-1இன் குரோமோசோமிலேயே இருக்கின்றன.

தங்குவதற்கு வேண்டியது வேறு: பிளாஸ்மிட்டின் நகலெடுப்பு தொடங்கும் இடம். இதில் இருப்பது பியூசி வகை. ஈ.கோலையும் அதன் நெருங்கிய சொந்தங்களும் அதிலிருந்து நகலெடுக்கும், சூடோமோனாஸ் எடுக்காது. செல் பிரியப் பிரிய, பிளாஸ்மிட் இல்லாத செல்கள்தான் பெருகும்; அவற்றைக் கானமைசின் கொன்றுவிடும். புட்டிடாவின் மரபணுத் துண்டு ஒன்றை உள்ளே வைத்துக் குரோமோசோமில் சேர்ப்பதற்குத்தான் பிகே18மாப் சரி. தனியாக நிலைக்க வேண்டுமென்றால் பிபிபிஆர்1எம்சிஎஸ்-2 எடுங்கள். அதிலும் கானமைசின் எதிர்ப்புதான், தட்டை மாற்ற வேண்டாம்.

உட்லண்ட்ஸ் வாசி:
ஷேக்கரையும் விட்டுவிடும்மா. எஸ்17-1இல் இருப்பது ஆர்பி4 என்ற பிளாஸ்மிட்டின் கடத்தும் மரபணுக்கள். அதன் பைலஸ் (இரண்டு செல்களை இணைக்கும் இழை) குட்டையாக, விறைப்பாக இருக்கும். குலுக்கினால் ஜோடி பிரிந்துவிடும். நீளமான, வளையும் பைலஸ் உள்ள எஃப் பிளாஸ்மிட்தான் திரவத்தில் நன்றாகப் போகும்.

இரண்டையும் ஆன்டிபயாட்டிக் இல்லாத எல்பி ஊட்டத் திரவத்தில் இரண்டு முறை கழுவு. கழுவாவிட்டால் ஈ.கோலையோடு வரும் கானமைசின், பிளாஸ்மிட் இன்னும் கிடைக்காத புட்டிடாவைக் கொல்லும். 100 மைக்ரோலிட்டர் வீதம் கலந்து, சுழற்றிப் படியவைத்து, 50 மைக்ரோலிட்டரில் கரைத்து, காய்ந்த எல்பி அகாரின் நடுவில் ஒரே சொட்டாக வை. ஈரத் தட்டென்றால் சொட்டு பரவி, செல்கள் விலகிவிடும். 30 டிகிரியில் இரவு முழுக்க விட்டு, மறுநாள் 1 மில்லி உப்புநீரில் சுரண்டி எடுத்து, நீர்த்துப் பரப்பு.

செங்காங் மாணவி:
மிக்க நன்றி. காலனி வந்தால், உண்மையில் பிளாஸ்மிட்தான் போனது என்று எப்படி உறுதிசெய்வது?

அகார் தட்டு:
புட்டிடாவை மட்டும், ஈ.கோலையை மட்டும் அதே கானமைசின் தட்டில் பரப்புங்கள். முதலாவதில் காலனி வந்தால் அது தானாக உருவான எதிர்ப்பு. ஈ.கோலை சிட்ரேட்டைக் காற்றில் உண்ணாது, எஸ்17-1க்குப் புரோலினும் வேண்டும், ஆகவே இரண்டாவது வெறுமையாகவே இருக்க வேண்டும். கலந்த தட்டின் காலனியை அதே தட்டில் மறுபடி கோடிழுத்துத் தனியாக்கி, பிறகு மினிபிரெப் செய்து (பிளாஸ்மிட்டைப் பிரித்தெடுத்து) நொதியால் வெட்டிப் பாருங்கள். முதல் தட்டுக் காலனியின் அடியில் ஈ.கோலை உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து நேராக எடுத்தால் அதன் பிளாஸ்மிட்டே உங்களை ஏமாற்றிவிடும்.