செல்ஃப் நல்லா சுத்துது, டிராக்டர் ஸ்டார்ட் ஆகல, புகையும் வரல

மணலி டேங்கர்:
தண்ணி டேங்கர் இழுக்கிற 3 சிலிண்டர் டிராக்டர். பழைய மாடல், இன்லைன் டீசல் பம்ப் (சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர்னு வரிசையா இருக்கிறது), இன்ஜினை அணைக்கிற ஸ்டாப் கேபிள் கையால இழுக்கிறது. சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. மணலி புதுநகர்ல திறந்த மனையில மழையில நின்னுச்சு. முட்டி அளவு தண்ணி தேங்கல, மேல பெஞ்ச மழைதான். இப்போ செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா சைலன்சர்ல துளி புகை இல்ல. டீசல் கால் டேங்க் இருக்கு. ஃபில்டர் மேல உள்ள ஏர் ஸ்க்ரூவை லூஸ் பண்ணி ஹேண்ட் பிரைமர் (கையால டீசல் தள்ளுற சின்ன பம்ப்) அடிச்சா நுரை நுரையா வருது, நிக்கவே மாட்டேங்குது. பம்ப், நாசில் (சிலிண்டருக்குள்ள டீசலைத் தூவுற முனை) ரெண்டையும் கழட்டி மூலக்கடையில பம்ப் கடைக்கு எடுத்துட்டுப் போன்னு மெக்கானிக் சொல்றார். அதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது எதுனா இருக்கா?

பம்ப் ரூம்:
பம்பைத் தொடாதீங்க. புகையே இல்லன்னா சிலிண்டருக்குள்ள டீசல் போகலன்னு அர்த்தம். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள அழுத்தம்) போச்சு, வால்வு போச்சுன்னா கூட போற டீசல் எரியாம வெள்ளைப் புகையா வெளிய வரும். அதனால இப்போதைக்கு தேட வேண்டிய இடம் டேங்குக்கும் நாசிலுக்கும் நடுவுல மட்டும்தான்.

முதல்ல பம்ப்ல டீசலை நிறுத்துற ஸ்டாப் லீவர். டேஷ்போர்டுல குமிழ் முழுசா உள்ள போயிருக்கும், பம்ப் கிட்ட லீவர் பாதியில நின்னுட்டு இருக்கும். நம்ம பக்கம் உப்புக் காத்துல கேபிள் உள்கம்பி துருப்பிடிச்சு இறுகிடுது. கேபிளை லீவர்ல இருந்து கழட்டிட்டு லீவரை கையாலயே ரன் பக்கம் தள்ளி விட்டு செல்ஃப் அடிங்க. புகை வந்துச்சுன்னா ஒரு கேபிளோட செலவு முடிஞ்சுது.

அடுத்தது அந்த நுரை. இந்த மாதிரி டிராக்டர்ல பெரும்பாலும் டேங்க் பம்புக்கு மேலதான் இருக்கும், டீசல் தானா இறங்கணும். அந்த லைன்ல ஓட்டை இருந்தா வெளிய சொட்டணுமே தவிர உள்ள காத்து ஏறக்கூடாது. காத்து ஏறுதுன்னா மேல எங்கயோ அடைப்பு இருக்கு. டீசல் வராததால ஃபீட் பம்ப் (டேங்க்ல இருந்து டீசலை இழுத்து ஃபில்டருக்குத் தள்ளுறது) இழுக்கிற இழுப்புக்கு, லேசா தளர்ந்த பேஞ்சோ (உள்ள ஓட்டை போட்ட போல்ட் ஜாயின்ட்) வாஷர் வழியா காத்து உள்ள வருது. அடைப்பை விட்டுட்டு வாஷரை மட்டும் மாத்தினா அடுத்த வீக் ஜாயின்ட்ல இழுக்க ஆரம்பிக்கும்.

டெஸ்ட் ரொம்ப சுலபம். ஃபீட் பம்புக்கு வர்ற பைப்பை பம்ப் பக்கம் கழட்டி, கீழ ஒரு கேன் வெச்சு, டேங்க் அடியில இருக்கிற வால்வைத் (காக்) திறங்க. பென்சில் கனத்துல விடாம ஊத்தணும். சொட்டுச் சொட்டா வந்தா டேங்க் மூடியைத் திறந்து பாருங்க. உடனே ஓட்டம் வேகம் பிடிச்சா மூடியில இருக்கிற காத்து ஓட்டை அடைச்சிருக்கு. ஊசி நுழையற ஓட்டைதான் அது. தூசியும் டீசலும் சேர்ந்த கருப்புப் பிசின் அங்க உட்கார்ந்தா டேங்குக்குள்ள காத்து இறங்க வழியில்ல. மூடியைத் திறந்தும் வேகம் வரலன்னா டேங்க் அடி ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி), காக், இல்ல ஃபீட் பம்புக்கு முன்னாடி இருக்கிற சின்ன வலை அடைச்சிருக்கு. டேங்க் காலியாக ஆக இந்தக் கோளாறு அதிகமாத் தெரியும், ஏன்னா இறங்குற அழுத்தம் குறையுது.

எண்ணூர் ஸ்பானர்:
பம்ப் ரூம் அண்ணா சொன்னதுக்கு முன்னாடி ஒண்ணு. மழையில நின்ன வண்டின்னா முதல்ல இன்ஜின் ஆயில் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்க. ஆயில் லெவல் ஏறி, பால் கலந்த டீ நிறத்துல இருந்தா உள்ள தண்ணி போயிருக்கு, செல்ஃப் பக்கமே போகாதீங்க. ஏர் கிளீனர் ஆயில் பாத் டைப்பா (ஆயில் கிண்ணம் வழியா காத்தை வடிக்கிறது) இருந்தா கிண்ணத்தையும் கழட்டுங்க. தண்ணி அடியில தங்கி ஆயிலை மேல தூக்கிவிடும், அந்த ஆயிலை இன்ஜின் உறிஞ்சிக்கும். 2023 மிக்ஜாம் வெள்ளத்துக்கு அப்புறம் எண்ணூர் பக்கம் நின்ன வண்டிகளுக்கு இதுதான் முதல் வேலை, அந்தத் தண்ணியில எண்ணெய்க் கசிவு வேற கலந்திருந்துது.

அப்புறம், "நல்லா சுத்துது"ன்னு காதால கேட்டு சொல்லாதீங்க, மல்டிமீட்டர் வைங்க. சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் வரணும். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்கு கீழ இறங்கக்கூடாது. பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவுல, செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் கேபிள்ல பச்சை பிடிச்சிருக்கு, உப்புத்தாள் போட்டு தேய்ச்சு இறுக்குங்க. டேங்கர் தண்ணி பம்ப் பி.டி.ஓ.வுல (டிராக்டர் இன்ஜின் சக்தியை வெளிய கொடுக்கிற ஷாஃப்ட்) ஓடுதுன்னா லீவர் நியூட்ரல்ல இருக்கான்னு பாருங்க, கிளட்சை மிதிச்சே அடிங்க. ஒரு தடவைக்கு 10 செகண்ட், நடுவுல ஒரு நிமிஷமாவது விடுங்க. இல்லன்னா செல்ஃப் மோட்டாரும் செலவுக்கு வந்துரும்.

மணலி டேங்கர்:
ஆயில் கருப்பா சரியா இருக்கு, லெவல் ஏறல. வோல்ட் செல்ஃப் அடிக்கும்போது 10.2. ஸ்டாப் லீவர் ஃப்ரீயா இருக்கு. பைப்பைக் கழட்டினா சொட்டுதான். மூடியைத் திறந்ததும் புஸ்ஸுன்னு காத்து இழுத்துச்சு, டீசல் ஊத்த ஆரம்பிச்சிருச்சு! மூடி ரப்பரும் ஒரு பக்கம் கிழிஞ்சிருக்கு. இப்போ ஏர் எடுக்கிற வரிசையைச் சொல்லுங்க.

பம்ப் ரூம்:
ரப்பர் கிழிஞ்சிருந்தா மழைத்தண்ணி உள்ள போயிருக்கும், ஏர் எடுக்கிறதுக்கு முன்னாடி தண்ணியை எடுங்க. ரெண்டு ஃபில்டர் அடியில இருக்கிற டிரெயின் பிளக்கையும் கழட்டி, வர்றதை கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு 15 நிமிஷம் வைங்க. தண்ணி அடியில தனியா நிக்கும். நின்னுச்சுன்னா டேங்க் அடி பிளக்கையும் திறந்து சுத்தமா வர்ற வரைக்கும் விடுங்க, ரெண்டு ஃபில்டரையும் மாத்துங்க. தண்ணி கலந்த டீசலை பம்புக்குள்ள தள்ளாதீங்க. பம்ப் எலிமென்ட்டுக்கும் (பிரஷர் கொடுக்கிற பிளஞ்சர்) நாசில் ஊசிக்கும் டீசல்தான் ஆயில், தண்ணி பட்டா துரு பிடிச்சு இறுகிடும்.

வரிசை: டேங்க்ல இருந்து கிளம்பி நாசில் பக்கம் போகணும், பின்னாடி இருந்து முன்னாடி வரக்கூடாது. முதல் ஃபில்டர் ஸ்க்ரூவைத் திறந்து, நுரை நின்னு கெட்டியா டீசல் வர்ற வரைக்கும் பிரைமர் அடிங்க, டீசல் ஓடிட்டு இருக்கும்போதே டைட் பண்ணுங்க. ரெண்டாவது ஃபில்டர், அப்புறம் பம்ப் மேல உள்ள ஸ்க்ரூ, அதே மாதிரி. பிரைமர் இறுகிடுச்சுன்னா டேங்க்ல இருந்து பம்ப் வரைக்கும் உள்ள லோ பிரஷர் பக்கம் முடிஞ்சுது, பிரைமர் தலையை மறக்காம திருகி மூடுங்க. கடைசியா மூணு நாசில் நட்டையும் ஒண்ணு, ஒண்ணரை சுத்து லூஸ் பண்ணி, ஆக்ஸிலரேட்டரை முழுசா வெச்சு செல்ஃப் அடிங்க. ஒவ்வொண்ணுலயும் டீசல் பீச்சினதும் ஒண்ணொண்ணா டைட். விரலை அங்க கொண்டு போகாதீங்க, அந்த பிரஷர்ல தோலுக்குள்ள டீசல் ஏறினா ஆஸ்பத்திரிதான். பேஞ்சோ கழட்டின இடத்துல எல்லாம் புது செம்பு வாஷர்.

ரோட்டரி பம்ப் (சுத்திக்கிட்டே எல்லா சிலிண்டருக்கும் டீசலைப் பிரிச்சு அனுப்புறது) வண்டி வெச்சிருக்கிறவங்க இதைப் படிச்சா: உங்களுக்கு பம்ப்லயே ரெண்டு ஸ்க்ரூ இருக்கும், கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்துற பாகம்) மூடி மேல ஒண்ணு, ஹைட்ராலிக் ஹெட் (நாசில் லைன் கிளம்புற இடம்) பக்கத்துல ஒண்ணு. ரெண்டுலயும் எடுக்காம விட்டா ஸ்டார்ட் ஆகாது.

மணலி டேங்கர்:
பாட்டில்ல ரெண்டு விரல் தண்ணி. டேங்க், ஃபில்டர் எல்லாம் சுத்தம் பண்ணி ஏர் எடுத்தாச்சு. மூணு லைன்லயும் டீசல் பீச்சுது. இப்போ வெள்ளைப் புகை வருது, டப் டப்புன்னு பிடிக்கப் பார்க்குது, நிக்கல. லாரியில கட்டி இழுக்கலாமா? இல்ல ஸ்டார்ட்டிங் ஸ்பிரே?

எண்ணூர் ஸ்பானர்:
ரெண்டும் வேணாம் தலைவா. இன்டேக் ஹீட்டர் (உள்ள போற காத்தைச் சூடாக்கிறது) இருக்கிற வண்டியில ஸ்பிரே அடிச்சா காத்து போற மேனிஃபோல்டுலயே வெடிக்கலாம், ஹீட்டர் இல்லாததுலயும் பிஸ்டன் ரிங் உடையலாம். பெட்ரோல் நனைச்ச துணியும் அதே கதைதான். கன்டெய்னர் லாரி ஓடுற மணலி ரோட்டுல கயிறு கட்டி இழுக்கிறதைப் பத்தி பேசவே வேணாம்.

பம்ப் ரூம்:
வெள்ளைப் புகை நல்ல சகுனம், டீசல் போகுது. பேட்டரியை முழுசா சார்ஜ் பண்ணுங்க, ஏர் கிளீனர் பைப்பைக் கழட்டிட்டு ஒரு தடவை அடிச்சுப் பாருங்க. அப்பவும் பிடிக்கலன்னா இப்போதான் நாசிலைக் கழட்டற நேரம். நாசிலை மட்டும். பம்பைக் கழட்டினா டைமிங் (டீசல் பீச்ச வேண்டிய நேரம்) திரும்ப செட் பண்ணணும்.

கடையில டெஸ்டர்ல போட்டு, மூணும் மேனுவல்ல சொன்ன பிரஷர்ல ஒரே மாதிரி கிர்ருன்னு தூவுதா, முனையில சொட்டு தங்குதான்னு கூடவே நின்னு பாருங்க. தண்ணி பட்ட நாசில்ல ஊசி இறுகி, தூவறதுக்குப் பதிலா ஒழுகும். அந்த ஒழுகல்தான் எரியாம வெள்ளையா வருது. மூணும் சரியா இருந்தா அடுத்து வால்வு கிளியரன்ஸ் (வால்வு இடைவெளி), கம்ப்ரஷன் பார்க்கணும்.

நாசிலை வெளிய எடுக்கும்போது அடி செம்பு வாஷர் சில சமயம் ஹெட் குழியிலயே ஒட்டிக்கும். டார்ச் அடிச்சுப் பாருங்க. பழசு மேலயே புதுசைப் போட்டா நாசில் முனை உயர்ந்துரும், தூவல் பிஸ்டன் கிண்ணத்துல சரியா விழாது. குழியை சுத்தமாத் துடைச்சு, ஒரே ஒரு புது வாஷர், நாசிலைப் பிடிக்கிற ரெண்டு நட்டையும் மாத்தி மாத்தி சமமா டைட் பண்ணுங்க.